கட்டைவிரல் அளவு நேர்மை

பக்கத்து அறையிலிருந்து “டொக்” என்று ஒரு சத்தம். தொடர்ந்து எதுவோ உருண்டு போய் எதன் மீதோ மோதுகிற சத்தம். பிறகு ஓர் ஆணின் பெருமூச்சு. பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு கண்ணெதிரே இடிந்து விழுந்தவன் விடுகிற பெருமூச்சு அது.

சோபாவின் விளிம்பில் உட்கார்ந்திருந்த விருந்தாளி அம்மா பதறி எழுந்துவிட்டார்.

“ஐயையோ, யாராவது விழுந்துட்டாங்களா?”

“யாரும் விழலைங்க, உக்காருங்க,” என்றாள் என் அக்கா. “அதுதான் அவருக்கு வருத்தமே. பந்து தம்ளருக்குள்ள விழணும். விழலை.”

வாசகர்களே, அந்த அறைக்குள் இருப்பவர் என் அத்தான். ஆனால் அவரைத் தனி மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் ஓர் இனம். கோல்ஃப் பிரியர் என்பது அந்த இனத்தின் பெயர். உங்கள் அலுவலகத்தில் ஒருவர் இருப்பார், உங்கள் மாடி வீட்டில் ஒருவர் இருப்பார். அடையாளம் சொல்கிறேன். மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போது கையில் குடை இருந்தால், சாதாரண மனிதன் அதை ஊன்றி நிற்பான். இவர் இரண்டு கைகளாலும் பிடித்து, முழங்காலை லேசாக மடக்கி, இடுப்பைத் திருப்பி, கண்ணுக்குத் தெரியாத பந்து ஒன்றைக் கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்கு அடித்துவிட்டு, அது போய் விழும்வரை நெற்றியில் கைவைத்துப் பார்ப்பார். அதற்குள் மின்தூக்கி வந்து போய்விட்டிருக்கும். கவலையே படமாட்டார். பந்து நல்ல இடத்தில் விழுந்திருக்கும்.

டாக்டர் அவரை நடக்கச் சொன்னார். அப்படித்தான் இந்த விளையாட்டு எங்கள் குடும்பத்துக்குள் நுழைந்தது. இப்போது மைதானம் முழுவதும் மின்கலத்தில் ஓடுகிற குட்டி வண்டியில் உட்கார்ந்துகொண்டே போய் வருகிறார். நடப்பவர் யார் தெரியுமா? கடைத்தெருவுக்கு அக்கா. ஏனென்றால் காய்கறிப் பையைத் தூக்கினால் அத்தானுக்கு முதுகு பிடித்துக்கொள்ளும். பதினான்கு மட்டைகள் அடைத்த அந்தக் கோல்ஃப் பை இருக்கிறதே, அதை மட்டும் தூங்குகிற குழந்தையைத் தூக்குகிற மாதிரித் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி இறங்குவார். அது முதுகுக்குத் தெரியாது போலிருக்கிறது. அந்தப் பை குறுகாமல் நீட்டிப் படுக்க வேண்டும் என்பதற்காகவே பின்பக்கம் பெரிதாக இருக்கிற கார் ஒன்றை வாங்கினார். முன்பக்கம் அக்காவுக்குக் கால் நீட்ட இடம் போதாது. பரவாயில்லை, அக்கா மடங்கக் கூடியவள்.

போட்டிகளைப் பற்றிக் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் உங்கள் மாலைப் பொழுது போயிற்று. இந்தக் கோப்பை, அந்தக் கோப்பை, தலைவர் கோப்பை, முன்னாள் தலைவர் கோப்பை, இனி தலைவராகப் போகிறவரின் மனைவி தருகிற கோப்பை! முதல் பரிசு வாங்காதவருக்குத் தூரம் அடித்த பரிசு, தூரம் அடிக்காதவருக்குக் கொடிக்குப் பக்கத்தில் அடித்த பரிசு, இரண்டும் இல்லாதவருக்கு உற்சாகமாகக் கலந்துகொண்ட பரிசு. அத்தான் உற்சாகத்தில் மட்டும் ஓர் அலமாரி நிறைய வாங்கியிருக்கிறார். அந்த அலமாரியில் முன்பு அக்காவின் துணிகள் இருந்தன.

“இது வெறும் விளையாட்டா?” என்று கேட்பார். நீங்கள் பதில் சொல்லக்கூடாது. “இது சேவை!”

உண்மைதான். சும்மா ஆடுவதே கிடையாது, ஆடுவதெல்லாம் பிறருக்காக. போன மாதம் ஏழைகளின் கண்களுக்காக ஆடினார். அதற்கு முந்தைய மாதம் இதயங்களுக்காக. அதற்கும் முன்னால் சிறுநீரகங்களுக்காக ஆடி, மத்தியானச் சாப்பாட்டையும் சிறுநீரகங்களுக்காகவே சாப்பிட்டுவிட்டு, மாலையில் களைத்து வந்து படுத்தார். மழைக்காலத்தில் மைதானத்தில் தண்ணீர் நின்றபோதுதான் மனித குலம் தன் உறுப்புகளைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

இவ்வளவு கேலி செய்தாலும், ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த விளையாட்டில் ஓர் அழகு இருக்கிறது. மற்ற ஆட்டங்களில் விசில் வைத்துக்கொண்டு ஒருவர் பின்னாலேயே ஓடுவார். இதில் ஆளே கிடையாது. பரந்த புல்வெளி, வானம், நீங்கள், உங்கள் மனசாட்சி. தப்புச் செய்தால் நீங்களே கையைத் தூக்கி, “என் மேல் தப்பு, எனக்கு அபராதம் போட்டுக்கொள்ளுங்கள்” என்று சொல்ல வேண்டும். இதைச் சொல்லும்போது அத்தானுக்குக் கண் கலங்கும். கேட்கிற எனக்கும் கலங்கும். நான் அதற்கென்றே பிறந்தவன்.

புல்லின் மீது அத்தனை நேர்மை! புல்லை விட்டு இறங்கினால்? மைதானத்து நாற்காலியில் சாய்ந்தபடியே போனில், “வந்துட்டே இருக்கேன்மா, வழியில டிராஃபிக்கு” என்பார். பக்கத்தில் பறவை கூவும். அலுவலகத்துக்கு விடுப்பு எழுதுவதற்காகத் தன் பெரியப்பாவை இரண்டு தடவை சாகடித்திருக்கிறார். அந்தப் பெரியப்பா எங்களுக்கு வாராவாரம் போன் பண்ணி, “பய ஜெயிச்சானா?” என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

சரி, விருந்தாளி அம்மா யார் என்று சொல்லவில்லையே. ஊர்க்கோடியில், நடக்க முடியாத பிள்ளைகளுக்கான இல்லம் ஒன்றை நடத்துகிறவர். பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குக் கால் பயிற்சிக்குக் கூட்டிப் போகிற வேன் படுத்துவிட்டது. இனி எழாது என்று மெக்கானிக்கும் கையை விரித்துவிட்டார். பயிற்சி நின்றால் இளகி வந்த கால்கள் பழையபடி இறுகிப் போகும். இதைக் கேள்விப்பட்டு அத்தானின் கோல்ஃப் சங்கம் பிள்ளைகளுக்காக ஒரு போட்டி வைத்தது. வண்டி விற்கிற நிறுவனம் ஒன்று, புத்தம் புதிய வேனுக்குச் சிவப்பு ரிப்பன் கட்டி மைதானத்திலேயே தூரம் குறைந்த குழிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியது. அந்தக் குழியில் யாராவது ஒரே அடியில் பந்தைப் போட்டுவிட்டால் வேன் இல்லத்துக்கு. போடாவிட்டால் வேன் கடைக்கு.

ஒரே அடியில் யார் போடுவார்கள்? வாழ்நாள் முழுக்க ஆடியவர்களுக்கே வாய்க்காது. நிறுவனத்துக்கும் அது தெரியும்.

அத்தான் போட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் அங்கே இருந்தேன். பந்து எழும்பியது, மேகத்தைத் தொட்டது, இறங்கியது, ஒரு துள்ளல், ஓர் உருளல், உள்ளே! கூடாரத்துக்குக் கீழே சக்கர நாற்காலிகளில் இருந்த பிள்ளைகள் போட்ட கூச்சலில் மரத்துக் காக்கைகள் எல்லாம் பறந்துபோயின. ஜன்னலோர இடம் யாருக்கு என்று சண்டையே தொடங்கிவிட்டது. அப்போதுதான் அத்தான் குனிந்து, பந்தை நிறுத்தி வைத்திருந்த குட்டி மர ஆணியைத் தரையிலிருந்து எடுக்கப் போனார். நின்றார். பார்த்தார். கையைத் தூக்கினார்.

பந்தை அடிக்கிற இடத்தில் வெள்ளையடித்த இரண்டு கற்கள் இருக்கும். அவற்றைச் சேர்க்கிற கோட்டுக்குப் பின்னாலிருந்துதான் அடிக்க வேண்டும். அவருடைய ஆணி கோட்டுக்கு ஒரு கட்டைவிரல் அளவு முன்னால் இருந்தது. யாரும் பார்க்கவில்லை. யாருக்கும் தெரியாது. அந்த அடி செல்லாது என்று அவரே சொல்லிவிட்டார். திரும்ப அடித்தார். பந்து குளத்துக்குள் போயிற்று.

மைதானமே எழுந்து நின்று கைதட்டியது. சங்கத் தலைவர் கட்டிப்பிடித்து அழுதார். அங்கேயே, அந்த நிமிஷமே, அதுவரை இல்லாத நேர்மைக் கோப்பை என்று ஒன்றை உண்டாக்கி அத்தானுக்குக் கொடுத்தார்கள். படம் எடுத்தார்கள். படத்தின் ஓரத்தில், ரிப்பனை அவிழ்த்துவிட்டு ஒருவர் வேனைப் பின்னால் எடுத்துக்கொண்டிருப்பது தெரியும்.

இதோ, அத்தான் மட்டையோடு கூடத்துக்கு வந்துவிட்டார்.

“வாங்கம்மா, வாங்க! நானே உங்களைப் பாக்கணும்னு இருந்தேன். அன்னிக்கு அந்தக் கல்லு இருந்துச்சு பாருங்க…”

“பாத்தேன் சார். நானும் அங்கதான் இருந்தேன்.”

“இருந்தீங்க, ஆனா பக்கத்துல இல்லையே! இதோ, இந்த மேஜைக்கால்தான் கல்லுன்னு வச்சுக்குங்க…”

முழுக்கதையும் நடந்தது. மேஜைக்கால் கல்லாயிற்று, செருப்பு இன்னொரு கல்லாயிற்று, அக்காவின் பூந்தொட்டி குழியாயிற்று. காற்று எந்தத் திசை என்பதைக் காட்டத் தொட்டியிலிருந்து ஓர் இலையைக் கிள்ளிப் பறக்கவிட்டார். கடைசியில் கோப்பையையும் எடுத்துவந்து அந்த அம்மாவின் மடியில் வைத்தார்.

“தூக்கிப் பாருங்க. நல்ல கனம்.”

“நல்ல கனம் சார்,” என்றார் அந்த அம்மா. பிறகு மெதுவாக, “பசங்க ஒண்ணு கேக்கறாங்க சார். எனக்குப் பதில் சொல்லத் தெரியலை. பந்து உள்ள போச்சே, வண்டி ஏன் வெளிய போச்சுன்னு கேக்கறாங்க.”

அத்தான் தொண்டையைச் செருமினார். “நேர்மைம்மா! பசங்களுக்கு நேர்மையைப் பத்திச் சொல்லுங்க. அதைவிடப் பெரிய வண்டி என்ன இருக்கு?”

“சொல்றேன் சார். அது ஆஸ்பத்திரி வரைக்கும் போகாதே. உங்க சங்கத்துல ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்களேன். பயிற்சி நின்னு மூணு வாரமாச்சு. சின்னவளுக்கு முட்டி மடங்க மாட்டேங்குது.”

“கண்டிப்பா! அடுத்த வருஷப் போட்டிலேயே…”

“என்னங்க,” என்றாள் அக்கா.

சத்தம் போடவில்லை. என் அக்கா சத்தம் போட்டால் பயப்பட ஒன்றுமே இல்லை; போடாவிட்டால்தான் பயப்பட வேண்டும்.

“எனக்கு இந்த ஆட்டம் புரியாது, சொல்லுங்க. தப்பு பண்ணினா அபராதம் யாருக்கு?”

“ஆட்டக்காரனுக்குத்தான். அதுதானே இதோட பெருமை!”

“ஆணியைக் கல்லுக்கு முன்னால வச்சது யாரு?”

“நான்.”

“நீங்க கையைத் தூக்கினது தப்புன்னு நான் சொல்லலை. எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு. ஆனா தப்பு உங்களோடது, கோப்பை உங்களுக்கு வந்துச்சு. அபராதம் மட்டும் எப்படிங்க அந்தச் சின்னவளோட முட்டிக்குப் போச்சு?”

அக்கா எழுந்து போய்க் கொக்கியில் தொங்கிய கார் சாவியை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தாள்.

“உங்க பை படுத்துக்கிட்டு வர்ற இடத்துல பசங்களோட சக்கர நாற்காலிங்களை மடிச்சு வைக்கலாம். காலையிலயே பையை எடுத்து மாடிப்படிக்குக் கீழ சாத்தி வச்சுட்டேன். இவங்களுக்கு வேற வண்டி கிடைக்கிற வரைக்கும் நம்ம கார் அங்க ஓடட்டும்.”

“அப்போ… ஞாயித்துக்கிழமை நான் எப்படிப் போறது?”

“பஸ்ல.”

“பையோடவா?”

“அந்தப் பையைத் தூக்கினா உங்களுக்கு முதுகு வலிக்காதேங்க.”

அத்தான் என்னைப் பார்த்தார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் முகத்தில் இருள் வந்தது, புயல் வந்தது, பஸ் படிக்கட்டில் பையோடு தொங்குகிற காட்சியும் வந்து போனது. பிறகு, வாசகர்களே, அந்த அதிசயம் நடந்தது. அவர் முதுகு நிமிர்ந்தது. கழுத்து உயர்ந்தது. புல்லின் மீது மட்டும் வாழ்கிற அந்த மனிதர், முதல் தடவையாக எங்கள் வீட்டுத் தரையில் வந்து நின்றார். கையைத் தூக்கினார்.

“என் மேல் தப்பு. அபராதம் எனக்குத்தான்.”

சாவியை எடுத்து அந்த அம்மாவிடம் இரண்டு கைகளாலும் கொடுத்தார். கொடுத்துவிட்டு, யாராவது கைதட்டுவார்களா என்று சுற்றும் முற்றும் பார்த்தார். நான் தட்டினேன். யாராவது தட்டத்தானே வேண்டும்? மறுநிமிஷமே அவர் கை போனைத் தேடியது. மாலைக்குள் சங்கம் முழுக்க இந்தத் தியாகம் பரவிவிடும். இன்னொரு கோப்பை வந்தாலும் ஆச்சரியமில்லை. அக்காவுக்கு மிச்சமிருக்கிற இன்னோர் அலமாரியும் போய்விடும்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் நீங்கள் எந்த ஒரு விஷயத்தில் மட்டும் அணுவளவும் பிசகாதவர் என்று யோசித்துப் பாருங்கள். கேரம் பலகையிலா, சீட்டாட்டத்திலா, வரிசையில் நிற்பதிலா, கூட்டத்துக்குச் சரியான நேரத்தில் போவதிலா? ஏதோ ஒன்று இருக்கும். அதற்கான பாராட்டு உங்கள் அலமாரியில் பளபளவென்று இருக்கும். அபராதத்தை யார் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று வீட்டுக்குள் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். பயந்து பயந்து பாருங்கள்.

விருந்தாளி அம்மா கிளம்பிவிட்டார். வேன் படுத்த நாளிலிருந்து செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த இல்லத்து டிரைவர், தெருவில் தயாராக நின்றிருந்தார். அவர் கையில் சாவியைப் போட்டுவிட்டு, வாசல்படியில் அந்த அம்மா திரும்பினார்.

“சார், கோவிச்சுக்கலைன்னா ஒண்ணு சொல்லட்டுமா?”

“சொல்லுங்கம்மா!” அத்தான் பாராட்டுக்குத் தயாராகத் தலையைச் சாய்த்தார்.

“அடுத்த வருஷம் அந்தக் கல்லுக்கு நல்லாப் பின்னால தள்ளியே நின்னு அடிங்க சார்.”

அக்கா கதவைச் சாத்தினாள்.