அரைக்கிலோ முதலாளியின் வலது பாக்கெட்

எதிரி இருப்பதால் துப்பாக்கி வாங்கியவர்கள் கொங்கு நாட்டில் உண்டு. துப்பாக்கி வேண்டும் என்பதற்காக ஓர் எதிரியை உண்டாக்கிக்கொண்டவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவரிடம் நான் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். எதிரியை உண்டாக்கியதில் எனக்கும் பங்கு உண்டு. ஆகவே இதைச் சிரித்துக்கொண்டே எழுதி முடிப்பேனா என்று தெரியவில்லை.

உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் தென்னை நார் மில் வைத்திருந்தார். நான் அங்கே ஆபீஸ் எழுத்தர். அவருடைய சொந்தப் பெயரைச் சொன்னால் ஊரில் முழிப்பார்கள். ‘அரைக்கிலோ’ என்றால் பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற அம்மாகூட மில்லுக்கு வழி சொல்லும். பாக்கெட்டில் வைக்கிற துப்பாக்கி, தோட்டாவோடு சேர்த்து அரைக்கிலோவைத் தாண்டக் கூடாது என்று மூன்று வருடம் கண்டவரிடமெல்லாம் சொல்லித் திரிந்ததால் வந்த பெயர் அது.

ஆசை ஆரம்பித்தது ஒரு கல்யாணப் பந்தியில். கோயம்புத்தூரில் ஒரு மண்டபம். இவருக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தவர் குனிந்தபோது சட்டை விலகி, இடுப்பில் துப்பாக்கி தெரிந்திருக்கிறது. அதற்குப் பிறகு பரிமாறுகிறவர்கள் அந்த இலையை விட்டு நகரவில்லை. இவர் ரசத்துக்காக மூன்று தடவை கையைத் தூக்கியும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

“அந்தாளு வேண்டாம் வேண்டாம்னு சொல்லியும் பாயசத்த ரெண்டு தடவை ஊத்துறாங்க கண்ணு. நானென்ன இலைக்குக் காவலுக்கா உக்காந்திருக்கறேன்?” என்றார் மறுநாள். பாதிச் சோற்றோடு எழுந்து வந்துவிட்டாராம். மனிதன் ரசத்துக்காகக்கூடத் துப்பாக்கி வாங்குவான் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

இடுப்பில் செருகுவது அவருக்குப் பிடிக்கவில்லை. அது ரௌடிகளின் வேலை. மரியாதைப்பட்ட மனிதன் பாக்கெட்டில்தான் வைத்திருக்க வேண்டும். “இருக்குதுன்னு தெரியோணும். எங்க இருக்குதுன்னு தெரியக்கூடாது” என்பது அவர் கொள்கை. இதைச் சோதித்துப் பார்க்க மில்லில் கிடந்த அரைக்கிலோ எடைக்கல்லை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மாரியம்மன் கோயிலில் திருநீறு வாங்கக் குனிந்தபோது கல் நழுவிப் பூசாரியின் காலில் விழுந்தது. பூசாரி ஒரு வாரம் நொண்டிக்கொண்டே தீபாராதனை காட்டினார்.

மேல் பாக்கெட் உதவாது என்று தெரிந்ததும் என்னையும் ஏற்றிக்கொண்டு கோயம்புத்தூர் உக்கடத்துக்குப் போனார். அங்கே அவருக்குப் பழக்கமான தையல்காரர், ஒரு பாய், நாற்பது வருடமாக அவருக்குச் சட்டை தைக்கிறவர். விஷயத்தைக் கேட்ட பாய் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

“துப்பாக்கியக் காட்டுங்க, அளவெடுத்துப் பாக்கெட் தெச்சுத் தாரேன்.”

“நீங்க பாக்கெட்டத் தெச்சுக் காட்டுங்க பாய். அதுக்குத் தக்கன துப்பாக்கி பாத்துக்கறேன்.”

“செருப்ப வாங்கிட்டுக் கால வெட்டறாப்புல இருக்குதுங்களே.”

இருந்தாலும் தைத்தார். சட்டையின் வலது பக்கம், இடுப்புக்குக் கீழே, உள்ளே கித்தான் துணி கொடுத்து, சுற்றிலும் இரட்டைத் தையல் போட்டு ஒரு பாக்கெட். ஒரு சட்டைக்கு அல்ல, பன்னிரண்டு சட்டைக்கு. “துணி கிழிஞ்சாலும் பாக்கெட் கிழியாதுங்க. உங்க காலத்துக்கும் வரும்” என்றார் பாய். அவர் சொன்னது அப்படியே பலித்தது.

அடுத்து துப்பாக்கிக் கடை. கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியைத் திறக்கவே மறுத்துவிட்டார். லைசென்ஸ் இல்லாமல் கண்ணால் பார்க்கலாம், கையில் தர மாட்டேன் என்றார். ஆனால் விளக்கம் பொறுமையாகச் சொன்னார். உருளை வைத்த ரிவால்வர் நம்பிக்கையானது, ஆனால் பாக்கெட்டில் புடைத்துக்கொண்டு தெரியும். பிஸ்டல் தட்டை, ஆனால் கனம். ரொம்பச் சின்னது கனமிருக்காது, ஆனால் தூரத்துக்குக் குறி நிற்காது.

“பத்தடி தாண்டினா சொல்ல முடியாதுங்க” என்றார் கடைக்காரர்.

“பத்தடிக்கு அக்கட்ட இருக்கறவன் எனக்கு எதுக்குங்க?”

“சரிங்க, யாரைச் சுடறதுக்குக் கேக்கறீங்க?”

முதலாளிக்கு முகம் வாடிவிட்டது. “சுடறதா? நானெதுக்குங்க ஒருத்தரைச் சுடறேன்?” என்றார். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன்.

திரும்பி வந்ததும் மில் தச்சரிடம் தென்னங்கட்டையில் ஒரு ரிவால்வர், ஒரு பிஸ்டல் செய்யச் சொல்லி, உள்ளே ஈயம் ஊற்றி எடைகட்டி மாறி மாறிப் பாக்கெட்டில் போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு நாள் காலையிலும் ஆபீஸுக்குள் வந்து என் மேஜைக்கு முன்னால் நடப்பார், குனிவார், பந்தியில் உட்காருகிற மாதிரி தரையில் சம்மணம் போடுவார். பிறகு எழுந்து கேட்பார்.

“இருக்கறாப்புல தெரியுதுங்களா?”

“தெரியுதுங்க மொதலாளி. தேங்காய் மூடி வெச்ச மாதிரி இருக்குதுங்க.”

மறுநாள் இரண்டு விரற்கடை சின்னதாகச் செதுக்கச் சொல்வார். இதற்குள் ஊரில் சேதி பரவி, பஸ்ஸில் அவருக்கு இடம் கிடைக்க ஆரம்பித்துவிட்டது. கட்டைத் துப்பாக்கிக்கே இந்த மரியாதை. அதோடு நிறுத்தியிருக்கலாம். நல்ல புத்தி வருகிற நேரத்தில்தான் நமக்கெல்லாம் விண்ணப்பப் படிவம் வருகிறது.

படிவத்தில் எதற்காகத் துப்பாக்கி வேண்டும் என்று ஓர் இடம் இருந்தது. ‘தற்காப்பு’ என்று போட்டோம். விசாரிக்க வந்த அதிகாரி, “யாரால உங்களுக்கு ஆபத்து?” என்று கேட்டார். இவர் யோசித்துப் பார்த்துவிட்டு, “அப்புடி யாருமில்லீங்களே” என்றார். ஆபத்தே இல்லாதவருக்குத் துப்பாக்கி எதற்கு என்று சொல்லி அதிகாரி மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அன்று மத்தியானம் நானும் அவரும் உட்கார்ந்து எதிரி தேடினோம்.

“பக்கத்துத் தோட்டத்துக்காரரு?” என்றேன்.

“அவிய ஊட்டுல இருந்துதான் கண்ணு நமக்கு தெனமும் மோரு வருது.”

“சண்டை போட்டுட்டு நின்ன லாரி டிரைவரு?”

“போன மாசம் வந்து மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வெச்சுட்டுப் போனானே.”

அறுபது வயதில் ஓர் எதிரிகூட இல்லாத மனிதர். வேறு யாராக இருந்தாலும் அதற்காகச் சாமிக்குத் தேங்காய் உடைத்திருப்பார்கள். இவருக்கு அது அவமானமாகப் போயிற்று. கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “வெள்ளகோயில் மாப்பிள்ளை பேரைப் போட்டுக்குங்க. கேஸ் இருக்குதில்ல, ஒரு ஆதாரமாட்டம் இருக்கும்.”

மாப்பிள்ளை என்றது அவருடைய ஒரே தங்கையின் கணவரை. வெள்ளகோவிலில் டிராயிங் மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். தோட்டத்துக்குள் மாடு நுழைந்தால், “அக்கட்ட போங்க” என்று மாட்டுக்கும் மரியாதை கொடுக்கிற மனிதர். கேஸ் இருந்தது உண்மை. அப்பாவின் தென்னந்தோப்பில் பங்கு கேட்டுத் தங்கை போட்டது, உடுமலை கோர்ட்டில் நடந்தது. ஆனால் அது என்ன கேஸ் என்று கோர்ட் வாசலில் நின்று பார்த்திருக்க வேண்டும். வாய்தா வாங்கியதும் அண்ணன், தங்கை, மாப்பிள்ளை மூவரும் எதிரே இருக்கிற ஓட்டலில் ஒரே டேபிளில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கேஸ் அது பாட்டுக்கு நடக்கும், சாப்பாடு அது பாட்டுக்கு நடக்கும். ஒருவர் இலையில் அப்பளம் இல்லையென்றால் இன்னொருவர் சர்வரைக் கூப்பிடுவார்.

நான் கம்ப்யூட்டரில் அடித்தேன். பெயர், தகப்பனார் பெயர், கதவு எண். ‘மேற்படி நபரால் என் உயிருக்கு ஆபத்து உள்ளது.’ அடிக்கும்போது தப்பு என்று தெரியும். வேண்டாமுங்க என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. டீ வந்தது, குடித்தேன்.

மாஸ்டரை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். யாரும் அடிக்கவில்லை, அதட்டவில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். அவரிடம் படித்த ஒருவர் அங்கே ஏட்டு. அவர் முன்னால் உட்கார்ந்திருந்ததுதான் மாஸ்டரால் தாங்க முடியாமல் போயிற்று. வீட்டுக்கு வந்து மூன்று நாள் பேசவில்லையாம்.

நான்காம் நாள் தங்கை போன் செய்தார். முதலாளி ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார் என்பதால் எனக்கும் கேட்டது.

“ஏனுங்ணா, கேஸ் நடக்கறது நடக்கட்டும். அவரு உங்களைக் கொன்னுபோடுவாருன்னா எழுதிக் குடுத்தீங்க?”

“அது ஃபார்முக்காக அம்மணி. ஃபார்முல ஒரு பேரு வேணும்னாங்க.”

“ஃபார்முக்கு எங்க ஊட்டுக்காரரு பேருதான் கெடைச்சுதுங்களா” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அடுத்த வாய்தாவுக்குத் தங்கையும் மாப்பிள்ளையும் தூக்குப்போசியில் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்து கோர்ட் வேப்பமரத்தடியில் சாப்பிட்டார்கள். இவர் ஓட்டல் டேபிளில் தனியாக உட்கார்ந்து, மோர்கூடக் கேட்காமல் எழுந்து வந்தார்.

லைசென்ஸ் வந்தது. துப்பாக்கியும் வந்தது. சின்ன ரிவால்வர், தோட்டாவோடு போட்டாலும் அரைக்கிலோவுக்குள்தான். பாயின் பாக்கெட்டில் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. அன்றோடு மனிதர் கைதியாகிவிட்டார். காணாமல் போய்விடுமோ என்று வீட்டில் வைத்துவிட்டுப் போகவும் பயம். கோயிலுக்குள் போக முடியாது. அமராவதி ஆற்றில் குளிக்க முடியாது. சினிமாத் தியேட்டரில் வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். கல்யாணப் பந்தியில் பாயசம் வந்தது, ஆனால் இரண்டு பக்கத்து இலைகளிலும் ஆள் உட்காரவில்லை. தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். அந்த அறிவிப்பு வந்த அன்று வேட்பாளர்களுக்குக்கூட அவ்வளவு சந்தோஷம் இருந்திருக்காது. முதல் ஆளாகப் போய் ஒப்படைத்துவிட்டு, நேரே அமராவதிக்குப் போய் ஒரு மணி நேரம் குளித்தார். ஓட்டு எண்ணி முடித்ததும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போய்த் திரும்ப வாங்கி வந்தார்.

இரண்டு வருடம் கழித்து மாஸ்டர் இறந்துவிட்டார். மாரடைப்பு. ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார்கள், போன்கூட இல்லை.

கணவன் இறந்தால் உடலை எடுப்பதற்குள் பெண்ணுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை வந்தாக வேண்டும். அதைக் கொண்டுபோக வேண்டியவர் அண்ணன். முதலாளி கடை திறக்கும் முன்பே போய் நின்று, தானே பார்த்து எடுத்தார். வெள்ளகோவில் போய்ச் சேரும்வரை காரில் சேலைப் பொட்டலத்தை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தார். வலது பாக்கெட்டில் அது இருப்பது அவருக்கு நினைவே இல்லை. எனக்கும் இல்லை.

தங்கைக்கு நினைவிருந்தது. அழுதுகொண்டிருந்தவர் நிலைப்படிக்கு வந்து நின்றார்.

“வாங்கண்ணா. பாக்கெட்டுல இருக்கறத வெளிய வெச்சுப்போட்டு வாங்க.”

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் பந்தலில் இருந்த அத்தனை பேரும் அவருடைய பாக்கெட்டைப் பார்த்தார்கள்.

எங்கே வைப்பது? என்னிடம் கொடுக்கக் கூடாது, எனக்கு லைசென்ஸ் இல்லை. “காருக்குள்ள வெச்சுப் பூட்டிடலாமுங்க” என்றேன். “காணாமப் போச்சுன்னா? அதுல ஒரு உசுரு போச்சுன்னா யாரு பொறுப்பு?” என்றார். சட்டத்தை மீறத் தெரியாத மனிதர். பொய்தான் சொல்லத் தெரியும், அதுவும் படிவம் கேட்டால் மட்டும். ஸ்டேஷனுக்கு ஓடினோம்.

“எலெக்ஷன் இல்லீங்களே, எதுக்கு டெபாசிட்?” என்றார் அங்கிருந்த ரைட்டர்.

“எழவு ஊட்டுக்குப் போகோணுமுங்க.”

“அதுக்குன்னு ஃபார்ம் எதுவுமில்லீங்களே. ஒரு மனு எழுதிக் குடுங்க. இன்ஸ்பெக்டர் வந்ததும் கேட்டுச் சொல்றேன்.”

முதலாளி என்னைப் பார்த்தார். பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். அதே பெயர், அதே தகப்பனார் பெயர், அதே கதவு எண். ‘மேற்படி நபர் காலமாகிவிட்டபடியால்.’ எழுத்து கோணல்மாணலாக வந்தது. இன்ஸ்பெக்டர் வந்து, துப்பாக்கி நம்பரைச் சரிபார்த்து, ரசீது போட்டுக் கொடுத்தபோது உச்சி வெயில்.

நாங்கள் போனபோது வாசலில் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்காக ஒரு மணி நேரம் உடலை வைத்திருந்து பார்த்துவிட்டு, தங்கையே எடுக்கச் சொல்லிவிட்டாராம். பெரியப்பா மகன் ஒருவர் கடைவீதிக்கு ஓடி ஒரு சேலை வாங்கிவந்து முறையை முடித்திருக்கிறார். முதலாளி ஈரத் தரையில் பொட்டலத்தோடு நின்றார். “அம்மணி” என்று ஒரு தடவை கூப்பிட்டார். உள்ளேயிருந்து யாரும் வரவில்லை. சேலை மறுபடியும் அவர் மடியிலேயே உடுமலைக்கு வந்தது.

துப்பாக்கியைத் திரும்ப வாங்க அவர் போகவில்லை. லைசென்ஸையும் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் பாக்கெட் போகவில்லை. அத்தனை நாள் கனம் சுமந்ததில் காலியாக இருக்கும்போதும் புடைத்துக்கொண்டு தொங்குகிறது. உக்கடம் பாயிடம் கொண்டுபோனால், “பிரிச்சா சட்டை கிழிஞ்சுருமுங்க, நான்தான் இரட்டைத் தையல் போட்டுட்டேனே” என்று வருத்தப்படுகிறார். புதுச் சட்டை தைத்துக்கொள்ளவும் முதலாளிக்கு மனமில்லை. செய்ததற்கு இது இருக்கட்டும் என்கிறார்.

நான் மில்லை விட்டு வந்துவிட்டேன். வாய்தா நாளில் மட்டும் அவரோடு கோர்ட்டுக்குப் போவேன். போன மாதமும் போயிருந்தேன். வெகு நாளைக்குப் பிறகு அன்றைக்குத் தங்கை அந்த ஓட்டலுக்குள் போனார். தனியாகச் சமைத்துக் கட்டிக்கொண்டு வர மனமில்லாமல் இருந்திருக்கலாம். முதலாளி வாசலில் நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, பாக்கெட்டை உள்ளங்கையால் அழுத்தித் தட்டையாக்கிப் பார்த்தார்.

“ஏனுங்க கண்ணு, இருக்கறாப்புல தெரியுதுங்களா?”

“ஒண்ணும் தெரியலீங்க மொதலாளி. போங்க.”

அந்த விண்ணப்பம் முதல் பொய் என்றால், அவருக்காக நான் சொன்ன இரண்டாவது பொய் இது. இதற்கு மட்டும் எனக்கு வருத்தமில்லை.

தங்கை நிமிர்ந்து அவர் பாக்கெட்டைப் பார்த்தார். உட்காரச் சொல்லவில்லை. இவர் பக்கத்து டேபிளில் போய் உட்கார்ந்தார். இலை வந்தது, சோறு வந்தது. ரசத்துக்காக இவர் கையைத் தூக்கினார். சர்வர் பார்க்கவில்லை. இன்னொரு தடவை தூக்கினார். அப்போது தங்கை, தலையைத் திருப்பாமலே, சர்வரிடம் சொன்னார்.

“ஏனுங்க, அந்த இலைக்கு ரசம் ஊத்துங்க.”

நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அவர் இலையில் ரசம் விழுந்ததைப் பார்த்த பிறகுதான் என் கையிலிருந்த டீயைக் குடித்தேன்.