பட்டன், பட்டன், பட்டன்

காலையிலிருந்து கம்ப்யூட்டர் "பட்டன், பட்டன், பட்டன்" என்று ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது. எந்தப் பட்டன், எதற்கான பட்டன் என்று மட்டும் சொல்ல மாட்டேன் என்றது. அதைச் சொல்லிக் குற்றமில்லை. அதற்குச் சொல்லிக்கொடுத்த மகராசன் கிறிஸ்துராஜ்.

நாகமலை புதுக்கோட்டையில், ஒரு புரோட்டாக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்தச் சின்னக் கம்பெனி. வெளிநாட்டு நூலகம் ஒன்றுக்காக, எடுத்த புத்தகத்தை வீட்டிலிருந்தே புதுப்பித்துக்கொள்ள ஓர் இணையப்பக்கம் செய்திருந்தார்கள். கண் தெரியாதவர்களும் அதைப் பயன்படுத்த வேண்டும், அவர்களில் ஒருவரே வந்து சோதித்துப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும் என்பது நூலகத்தின் நிபந்தனை. அவர்கள் கம்ப்யூட்டரில் ஸ்கிரீன் ரீடர் என்று ஒன்று வைத்திருப்பார்கள். திரையில் இருப்பதை அது வாய்விட்டு வாசிக்கும். கிறிஸ்துராஜ் செய்த பக்கத்தை அது வாசித்த லட்சணத்தைத்தான் மேலே சொன்னேன்.

இன்றைக்கு டெஸ்டில் பாஸானால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்று முதலாளி ராமதாஸ் சொல்லிவிட்டார். கிறிஸ்துராஜுக்கு வேலைகூடப் பெரிதில்லை. வயது முப்பத்துநாலு. போன இடமெல்லாம் தட்டிப்போய், கடைசியாக வண்டியூரில் ஒரு பெண் வீட்டார், மாப்பிள்ளைக்கு வேலை நிரந்தரமானால் மேற்கொண்டு பேசலாம் என்று அவன் அம்மா தங்கத்திடம் சொல்லியிருந்தார்கள். பெண்ணின் பெயர் என்ன, என்ன படித்திருக்கிறாள், ஒன்றும் அவன் விசாரிக்கவில்லை. யாருக்கு என்று கேட்காமலே பக்கம் செய்து முடிக்கிற ஆளுக்கு அதெல்லாம் எங்கே தோன்றப் போகிறது.

படங்களுக்கெல்லாம் பெயர் வைத்தால் சரியாகிவிடும் என்று முதலில் நினைத்தான். வைத்தான். கோட்டுக்குப் பெயர், புள்ளிக்குப் பெயர், ஓரத்தில் அழகுக்குப் போட்ட இலைக்குப் பெயர். ஓட விட்டால், "நீலக் கோடு, நீலக் கோடு, சின்ன இலை, இன்னொரு சின்ன இலை" என்று காதுகுத்து வீட்டில் மைக் போட்டு மொய் வாசிக்கிற மாதிரி வாசித்துக்கொண்டே போனது. வாங்கி வைத்த டீ ஆறிப்போயிற்று. புத்தகம் புதுப்பிக்கிற இடம் வந்தபாடில்லை.

கேட்கிறவர்களுக்குச் சலிப்புத் தட்டுமே என்று, பக்கம் திறந்ததும் கொஞ்சம் இசையும், தன் சொந்தக் குரலில் ஒரு வரவேற்பும் சேர்த்தான். இப்போது இவன் குரல் வாங்க வாங்க என்றது, அது நீலக் கோடு என்றது. இரண்டும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்கவே இல்லை.

சரி, அவர்கள் படுகிற பாட்டை நாமே பட்டுப் பார்த்துவிடுவோம் என்று ஒரு துண்டை எடுத்துக் கண்ணைக் கட்டிக்கொண்டான். அடடா, என்ன ஒரு தியாகம். தண்ணீர் பாட்டில் சாய்ந்தது. அதைத் தேடிப்போன கை ஸ்பீக்கரைத் திருகியது. வரவேற்புக் குரல் ரோடு வரைக்கும் கேட்டு, கீழே புரோட்டா தட்டிக்கொண்டிருந்தவர் மேலே பார்த்து என்னண்ணே ஆச்சு என்று விசாரித்தார்.

ராமதாஸ் அந்த நேரம் பார்த்துத்தான் இரண்டு பெண்களை அழைத்துக்கொண்டு உள்ளே வந்தார். ஒருவர் ஷெரின். வங்கியில் வேலை பார்ப்பவர், பிறவியிலேயே பார்வை கிடையாது, டெஸ்ட் செய்ய வந்தவர் அவர்தான். இன்னொருத்தி அவருக்குத் துணையாக வந்த தங்கை. கண்ணில் துண்டோடு எழுந்த கிறிஸ்துராஜ், வெறும் சுவரைப் பார்த்து மிகுந்த மரியாதையோடு வணக்கம் சொன்னான்.

ராமதாஸ் தலையில் அடித்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டார். கிறிஸ்துராஜ் துண்டை அவிழ்த்துவிட்டு உபசரிப்பில் இறங்கினான். கண் தெரியாதவரிடம் எப்படிப் பேசுவது என்று கூச்சம். அதனால் எல்லாவற்றையும் தங்கையிடமே கேட்டான்.

"அவங்க டீக்குச் சீனி போட்டுக்குவாங்களா?"

"அவகிட்டயே கேளுங்க" என்றாள் தங்கை.

கேட்டான். தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி கேட்டான்.

"கண்ணுதான் சார் தெரியாது" என்றார் ஷெரின். "காது நல்லாவே கேக்கும்."

அவர் உட்கார்ந்து ஸ்கிரீன் ரீடரின் வேகத்தைக் கூட்டினார். அது ஓடிய ஓட்டத்தில் கிறிஸ்துராஜுக்கு ஒரு வார்த்தை பிடிபடவில்லை. உதவி செய்கிறேன் பேர்வழி என்று அவர் கையைப் பிடித்து மௌஸ் மேல் வைத்தான். அவர் கையை இழுத்துக்கொண்டு, மௌஸ் தனக்கு எதற்கு, கீபோர்டு போதும் என்றார். பிறகு நிதானமாகச் சொன்னார்: இசை வேண்டாம், வரவேற்பும் வேண்டாம், கோட்டையும் இலையையும் வைத்துக்கொண்டு தான் என்ன செய்வது, பட்டன் என்ன வேலை செய்யுமோ அதையே அதற்குப் பெயராக வைத்தால் போதும். பார்த்துப் பார்த்துச் சேர்த்ததையெல்லாம் எடுக்கச் சொல்கிறாரே என்று அவனுக்கு அழுகை வராத குறை.

திருத்த உட்கார்ந்தான். கை வேலை பார்த்தது, வாய் சும்மா இருக்கவில்லை. தங்கையிடம் புலம்ப ஆரம்பித்தான்.

"இது பாஸானாத்தாங்க எனக்குக் கல்யாணமே. ஒரு எடம் வந்துருக்கு."

"பொண்ணு எப்படி?" என்றாள் தங்கை.

"யாருக்குங்க தெரியும்? அதெல்லாம் அம்மா பாத்துக்கிருவாங்க. நமக்கு இருக்குற வேலைல எவ வந்தா என்ன?"

ஷெரினுக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது. அவர் தண்ணீர் குடிப்பாரா என்று தங்கையிடமே கேட்டான் கிறிஸ்துராஜ்.

ஒருவழியாகத் திருத்தி முடித்தான். ஷெரின் மறுபடியும் உட்கார்ந்தார். நாலைந்து முறை கீபோர்டைத் தட்டினார், புத்தகம் புதுப்பித்தாயிற்று. சரியாக இருக்கிறது என்று ராமதாஸிடம் சொல்லிவிட்டு, தங்கையோடு ஆட்டோவில் ஏறிப் போனார்.

நூலகத்துக்குத் தகவல் அனுப்பிய கையோடு ராமதாஸ் வந்து, வேலை நிரந்தரம் என்று கை கொடுத்தார். கிறிஸ்துராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக எதிராளி யார், அவருக்கு என்ன வேண்டும் என்று புரிந்துகொண்டு ஒரு காரியம் செய்திருக்கிறோம் என்ற பெருமை வேறு. மாடிப்படியில் நின்று அம்மாவுக்குப் போன் போட்டான்.

"அம்மா, பாஸாயிட்டேன். வேலை நிரந்தரமாயிருச்சு. வண்டியூருக்குச் சொல்லிரு."

"அங்கருந்துதான்டா இப்பப் போனு வந்துச்சு" என்றாள் தங்கம். "அக்காவுக்குத் தொணையா வந்து நாள் பூரா உங்கூடப் பேசிக்கிட்டிருந்த புள்ளதான் பொண்ணாம், உங்கிட்ட திருத்த வேண்டியது நெறைய இருக்காம், திருத்திக்கிட்டு ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு வந்தா இன்னொரு தடவ டெஸ்ட் பண்ணிப் பாக்குறேன்னு சொல்லுச்சு."