ஓனோசே வாளின் கூர்மை

உலகில் வாள் செய்யத் தெரிந்த நாடுகள் பல உண்டு. செய்த வாளுக்கு எழுத்துபூர்வமாக நற்சான்று வழங்கும் அளவுக்கு நாகரிகம் முற்றிய நாடு ஜப்பான் ஒன்றுதான். அங்கும் ஓனோசே சமஸ்தானத்தை மிஞ்ச ஆள் கிடையாது. நூற்றிருபது வருஷமாக அங்கே போரே நடக்கவில்லை. ஆகையால் வாள்களின் தரம் ஆண்டுக்கு ஆண்டு உயர்ந்துகொண்டே போயிற்று.

ஒரு வசந்தத்தில் ஓனோசேயின் பிரபு, எடோ நகரத்திலிருந்து நாட்டையே ஆண்ட ஷோகுனுக்குக் காணிக்கையாக ஒரு வாள் செய்வித்தார். எஃகைப் பதினைந்து முறை மடித்து அடித்த வாள். கைப்பிடிக்குள் மறைந்துபோகும் அதன் காம்பில் 'ஒரு வீச்சு, இரண்டு துண்டு' என்று தங்கத்தில் பொறிக்க வேண்டும். யார் கண்ணுக்கும் படாத எழுத்து என்பதால் அதில் பொய்யே இருக்கக் கூடாது என்பது விதி. மரண தண்டனை பெற்ற ஒருவனின் உடலை வெட்டிப் பார்த்த பிறகே பொறிக்கலாம்.

அந்த உடலைக் கேட்டுச் சிறைச்சாலை எழுத்தர் ஷின்பேயிடம் வந்தார், வாள் சோதனை அதிகாரி உசாமி.

"உள்ள எத்தனை பேருய்யா இருக்கான்?"

"ஒருத்தன்தாங்க. மொஸ்கேன்னு ஒரு விவசாயி. கோவில் குளத்துல வாத்து முட்டை ரெண்டு எடுத்துட்டான்."

"ரெண்டு முட்டைன்னா ரெண்டு உயிர். இரட்டைக் கொலைன்னு எழுது."

"திருட்டுன்னு தீர்ப்பே ஆயிடுச்சுங்களே."

"ஆயிட்டா என்ன, மறுபரிசீலனை பண்ணு. ஒரு முட்டைத் திருடனுக்காகப் பிரபுவோட வாள் காத்துக் கிடக்கணுமா?"

இருபத்திரண்டு வருஷ உத்தியோகத்தில் ஷின்பே மேலதிகாரியை மறுத்துப் பேசியதில்லை. அவருடைய 'நன்னடத்தை' அதுதான். ஆனால் அன்று மதியம் சோறு இறங்கவில்லை. காலையில் கூட மொஸ்கே கம்பிக்குப் பின்னால் நின்று, "மழை பெஞ்சுதா எசமான்? நாத்து நடணும்" என்று கேட்டிருந்தான்.

ஷின்பே வாள் சோதனை விதிப் புத்தகத்தைப் புரட்டினார். பூசாரியின் உடல், சொறி பிடித்த உடல், பச்சை குத்திய உடல் ஆகியவை வாளின் 'மாண்புக்கு' இழுக்கு என்று அதில் கண்டிருந்தது. திருட்டுக்குத் தண்டனையோ கையில் பச்சை குத்திய ஒரு கோடு. அதை அன்றே நிறைவேற்றச் சொன்னார்.

"வலிக்குது எசமான். ஒரு கோடுதான தீர்ப்பு? ரெண்டு போடறாங்களே."

"ஒண்ணு உன் திருட்டுக்கு. இன்னொண்ணு என் திருப்திக்கு. கைய நீட்டுடா."

மறுநாள் வாளோடு வந்த உசாமி அந்தக் கையைப் பார்த்தார்.

"யாருய்யா குத்தினது?"

"சட்டம் குத்துச்சுங்க."

வேறு வழியில்லாமல் பச்சை மூங்கிலில் ஈரப் பாயைச் சுற்றி நட்டார்கள். மனித உடம்புக்குச் சமம் என்று உசாமியே அறிவித்தார். பட்டாடை உடுத்திய மூன்று அதிகாரிகள் சாட்சியாக உட்கார்ந்தார்கள். உசாமி மூச்சை இழுத்துப் பிடித்து வீசினார். பாய் அறுந்தது. மூங்கிலின் பாதியில் வாள் நின்றுகொண்டது. இருவர் பிடித்து இழுத்து எடுத்தபோது முனையோரத்தில் அரிசியளவு விளிம்பு பெயர்ந்திருந்தது.



"மூங்கில்ல கோளாறு," என்றார் உசாமி.

"இந்த வருஷ மூங்கிலே சரியில்லீங்க," என்றார் முதல் சாட்சி. மற்ற இருவரும் மூங்கிலைக் கடுமையாகக் கண்டித்தார்கள்.

உசாமி ஷின்பேயைத் தனியே அழைத்தார். "தீட்டுறவன் இதச் சரி பண்ணிடுவான். நீ சான்றிதழ் எழுது. மனுஷ உடம்பு, ஒரே வீச்சு."

"ஆள் பேர் போடணும்ங்களே."

"உன்கிட்ட ஒருத்தன் இருக்கான்ல."

"பச்சை குத்தின உடம்பு ஆகாதுங்க."

"காகிதத்துல கை தெரியுமாய்யா?"

ஷின்பே யோசித்தார். வெறும் காகிதம். வெட்டுப்படப் போவது பெயர், ஆள் தப்பிப்பான். 'மொஸ்கே, வயது நாற்பத்தொன்று' என்று எழுதினார். உசாமி அந்தக் கையெழுத்தை மெச்சினார். ஷின்பே தாமே சிறைக் கதவைத் திறந்து மொஸ்கேயை ஊருக்கு அனுப்பினார். சமஸ்தானத்தையே ஏமாற்றிவிட்ட பூரிப்பில் அன்று இரண்டு கிண்ணம் சோறு கூடுதலாகச் சாப்பிட்டார்.

வாள் பட்டுறையில் எடோ சென்றது. வெகுவாகப் புகழப்பட்டு ஒரு பெட்டிக்குள் போயிற்று.

மூன்று வாரம் கழித்து மொஸ்கே சிறை வாசலில் வந்து நின்றான்.

"நான் செத்துட்டேன்னு ஊருக்கு ஓலை வந்திருக்காம் எசமான். தண்டனைல செத்தவன் நெலம் சமஸ்தானத்துக்காம். அத உசாமி ஐயாவுக்கு வெகுமதியாக் குடுத்துட்டாங்க. பொண்டாட்டி அவ அண்ணன் வீட்டு மாட்டுக் கொட்டாய்ல கெடக்கா. நான் உசிரோட இருக்கேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க."

ஒரே வரிதான். அதை எழுதினால் சான்றிதழ் பொய். ஷோகுனுக்குப் பிரபு அனுப்பிய காணிக்கையும் பொய். பிறகு ஷின்பே அதற்குத் தண்டனையாகத் தம் வயிற்றைத் தாமே கிழித்துக்கொண்டு சாக வேண்டியிருக்கும்.

"உன் பேர் என்னப்பா?" என்று கேட்டார் ஷின்பே.

மொஸ்கே அவரையே பார்த்தான். "மொஸ்கே, எசமான்."

"அந்தப் பேர்ல உசிரோட யாரும் இல்லையேப்பா," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். இலையுதிர் காலத்தில் அவர் தலைமை எழுத்தர் ஆனார்.

ஓனோசே வாளின் மகிமையை இனியும் யார் சந்தேகிக்க முடியும்? அரை மூங்கிலைத் தாண்ட முடியாத அந்த வாள், உயிரோடிருந்த ஒருவனை வீடு, நிலம், பெயர் எல்லாவற்றிலிருந்தும் ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல் துண்டாக்கிவிட்டது. அத்தனை கூர்மை எஃகுக்கு வராது. நல்ல மனம் படைத்த ஓர் எழுத்தர் வேண்டும்.