நாற்பத்தோரு படங்களும் ஒரு முள்ளம்பன்றியும்

ஸ்ர்ர்ர்ர்... டக்.

ஒரு காட்டில், அந்தி சாய்கிற நேரத்தில், கண்ணுக்கு எதுவும் பிடிபடாத இருட்டிலிருந்து இப்படி ஒரு சத்தம் வந்தால் அது பாம்பும் இல்லை, பழம் விழுந்ததும் இல்லை. அரசாங்கம் படம் எடுக்கிறது என்று அர்த்தம். களவாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மிருகம் வாய் நிறையத் தண்ணீரோடு அப்படியே நிற்கும். முழுங்கினால் குற்றமா, துப்பினால் குற்றமா என்று அதற்குத் தெரியாது. பிறகு முழுங்கிவிட்டு ஓடிவிடும்.

சத்தம் போட்டது குளக்கரை மருதமரத்தின் பொந்தில் இருந்த ஒரு பழைய டிஜிட்டல் கேமரா. மூன்று மெகாபிக்சல். எப்போதோ சுற்றிப்பார்க்க வந்த ஒரு குடும்பம், யார் அதைத் தூக்கி வருவது என்று சண்டை போட்டு, கடைசியில் யாருமே தூக்காமல் போய்விட்டது. அந்தக் கோடையில் ஓடைகள் எல்லாம் வற்றி இந்த ஒரு குளம்தான் மிஞ்சியிருந்தது. எல்லோரும் பகலில் வரிசையில் நின்று, தத்தம் இனத்துக்கு எழுதியிருக்கிற மடக்குக் கணக்குப்படி குடித்துவிட்டுப் போக வேண்டும், பொழுது சாய்ந்தபின் குளத்துப் பக்கம் வருவது திருட்டு என்று சிங்கராஜா சட்டம் போட்டிருந்தார். திருடனைப் பிடிக்க, கரையில் ஒரு காட்டுக்கொடியைக் கட்டி அதன் நுனியைக் கேமராவின் பொத்தானோடு முடிந்து வைத்தது மருதப்பன் என்கிற கருமந்தி. கொடியில் கால் பட்டால் கேமரா தானாக எடுத்துக்கொள்ளும். மருதப்பன் காலையில் வந்து படத்தை எடுத்துப் போய் ஆபீசில் கொடுக்கும்.

நாற்பத்தோரு நாளில் நாற்பத்தோரு படங்கள் சேர்ந்தன. எல்லாவற்றிலும் கருப்பாக ஓர் உருவம். உருவம் முழுக்கக் குத்திட்டு நிற்கும் முள்.

அந்தக் காட்டில் முள்ளம்பன்றிக் குடும்பம் என்று இருந்தது ஒன்றே ஒன்று. செவந்தி, அவள் வளையில் இருபது நாள் வயதான இரண்டு குட்டிகள். வேறு யாரும் இல்லை.

அத்திமரத்தடி ஆபீசுக்குச் செவந்தியைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். குமாஸ்தா நரி ஏகாம்பரம் கோப்பைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நாற்பத்தோரு நாள், நாற்பத்தோரு படம். ஒருநாள்கூட லீவு எடுக்கலை போலிருக்கே?"

"ஐயா, நான் அந்தப் பக்கமே போகலைங்க. முதல்ல வயித்துச் சுமை, இப்போ ரெண்டு குட்டி. தனியா விட்டுட்டு எங்கே போறது?"

"படம் பொய் சொல்லுமா?"

செவந்தி குனிந்து பார்த்தாள். "ஐயா, இதுல இருக்கறது யானை உசரம் இருக்குதுங்களே."

"கேமராவுக்குக் கிட்டத்துல நின்னிருப்பே."

"இதுல கொம்பு இருக்கு."

"அது நீட்டமான முள்ளு."

"இது மரக்கிளையில தலைகீழாத் தொங்குது!"

"திருட வந்த இடத்துல தொங்குவே, உருளுவே, என்ன வேணா செய்வே. அதையெல்லாம் ஆபீசு கேக்காது." ஏகாம்பரம் கோப்பை மூடினார். "மழை பெய்யற வரைக்கும் உனக்குக் குளத்துல பங்கு இல்லை. கையெழுத்துப் போட்டுட்டுப் போ."

"அடுத்த தண்ணி ரெண்டு மலை தாண்டிங்க ஐயா. நான் நடந்துடுவேன். குட்டிங்க நடக்காது. அதுங்களை விட்டுட்டு நான் போயிட்டு வர்றதுக்குள்ள கழுகு வந்து போயிடும். இங்கேயே கெடந்தா தண்ணி இல்லை, தண்ணி இல்லைன்னா பால் இல்லை."

"அது தனி மனு."

மூலையில் நின்றிருந்த மருதப்பன் தொண்டையைச் செருமியது. "ஐயா, ஒரு வார்த்தை. வெளிச்சம் குறைஞ்சா பழைய கேமரா பொடி தூவுமுங்க. படம் பூரா கடுகைக் கொட்டினாப்புல வரும். முயலை எடுத்தாலும் அதுக்கு முள்ளு நிக்கும்."

"இதை ஏன்யா இத்தனை நாள் சொல்லலை?"

"யாரும் கேக்கலைங்க. நான் எடுக்கறவன். பாக்கறவன் நீங்க."

செவந்தி சட்டென்று நிமிர்ந்தாள். "ஆபீசுல ஒரு புதுக் கேமரா வந்து கெடக்குதாமே? ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒருக்கா எடுத்துப் பாத்துடலாமுங்களே?"

புதுக் கேமரா வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. நாற்பத்தெட்டு மெகாபிக்சல். பெட்டியைப் பிரிக்க மேலிடத்து உத்தரவு வராததால், ஏகாம்பரம் மத்தியானத் தூக்கத்துக்கு அதைத் தலைக்கு வைத்துக்கொண்டிருந்தார். தலையணை போய்விடுமே என்று அவர் யோசித்த நேரத்தில், வேறு வேலை எதுவும் இல்லாமல் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த சிங்கராஜா உள்ளேயிருந்து, "வச்சுப் பாருங்களேன்யா, பொழுதாவது போகும்" என்றார். நியாயம் கிடைப்பதும் கிடைக்காததும் சில சமயம் இப்படித்தான், யாருக்கோ பொழுது போகாததில் போய் நிற்கிறது.

மறுநாள் அந்தியில் காடே குளக்கரைக்கு வந்துவிட்டது. ஒரு பாறைமேல் இரண்டு கேமராக்களும் அக்கா தங்கை மாதிரி உட்கார்ந்திருந்தன. முதலில் குண்டுமணி என்ற காட்டுப்பன்றியைக் கரையில் நிறுத்தினார்கள்.

ஸ்ர்ர்ர்ர்... டக். பழையது எடுத்தது. புதியது சத்தமே போடாமல் எடுத்து முடித்துவிட்டுச் சும்மா இருந்தது.

மருதப்பன் பழைய கேமராவின் முதுகிலிருந்த சின்னத் திரையைக் கூட்டத்தின் பக்கம் திருப்பியது. தலையிலிருந்து வால்வரை முள்ளோடு நின்றது குண்டுமணி.

"டேய் குண்டுமணி, உனக்கு முள்ளு முளைச்சிருச்சுடா!"

"இதைக் கொண்டு என் வீட்டுல காட்டிடாதீங்கப்பா. ஏற்கெனவே பக்கத்துல படுக்க மாட்டேங்கறா."

புதிய கேமராவில் முள்ளே இல்லை. மழையில் நனைந்த பாறை மாதிரி வழுவழுவென்று, தங்கக் காசு போல ஒரு பன்றி.

"ஏம்ப்பா, என் பிடரி மயிரைக் காணோமே?" என்றது குண்டுமணி. சிரிப்பில் அது யார் காதிலும் விழவில்லை.

முயலை நிறுத்தினார்கள். பழையதில் அது குட்டி முள்ளம்பன்றி. ஆமையை நிறுத்தினார்கள். பழையதில் அது குப்புறப் படுத்த முள்ளம்பன்றி. "ஐயாவும் ஒருக்கா நில்லுங்க" என்று பின்னாலிருந்து யாரோ குரல் கொடுக்க, ஏகாம்பரம் வேறு வழியில்லாமல் போய் நின்றார். கோப்பை இடுக்கிக்கொண்டிருக்கும் முள்ளம்பன்றி ஒன்று திரையில் வந்தது. கூட்டம் தரையில் புரண்டு சிரித்தது. செவந்தியும் சிரித்தாள். நேற்றிலிருந்து மறந்துபோயிருந்த சிரிப்பு.

"பாத்தீங்களா ஐயா? யாரு நின்னாலும் முள்ளோடதான் வர்றாங்க. நாற்பத்தொண்ணும் யாரோ!"

ஏகாம்பரம் சிரிக்கவில்லை. "நிதானமா யோசி. எல்லாரும் முள்ளம்பன்றி மாதிரி வர்றாங்க, சரி. முள்ளம்பன்றி நின்னா எப்படி வரும்?"

"முள்ளம்பன்றி மாதிரி."

"அப்போ உன்மேல இருந்த சந்தேகம் எங்கே தீர்ந்துச்சு? நீ மட்டும்தான் இருக்கற மாதிரியே வர்றே. நாற்பத்தோரு படத்துக்கும் பொருத்தமான ஆள் இந்தக் காட்டுல நீ ஒருத்திதான்னு இப்போ நிரூபணமே ஆயிருச்சு."

கூட்டத்துக்கு இது சரி மாதிரியும் இருந்தது, தப்பு மாதிரியும் இருந்தது. இப்படி இருக்கிற விஷயங்களில் கூட்டம் வழக்கமாகச் செய்வதையே செய்தது. ராஜாவின் முகத்தைப் பார்த்தது.

ராஜா எழுந்து வந்தார். "என்னையும் எடு, மருதப்பா."

பழைய கேமராவின் திரையைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. மருதப்பன் அதை அவசரமாக அணைத்தது. பிறகு புதிய கேமராவின் திரையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய் ராஜாவின் முன்னால் நீட்டியது.

மூக்கின் குறுக்கே ஓடிய பழைய தழும்பு அதில் இல்லை. கண்ணுக்குக் கீழே தொங்கிய பை இல்லை. அங்கங்கே உதிர்ந்து சொட்டையாகிப்போன பிடரி, வண்ணான் வெளுத்துக் கொடுத்த ஜமக்காளம் போல ஒரே சீராக இருந்தது.

"இது யாருய்யா?" என்றார் ராஜா, மெல்ல.

"நீங்கதான் ராஜா," என்றார் ஏகாம்பரம். "பட்டம் கட்டின அன்னிக்கு எப்படி இருந்தீங்களோ, அப்படியே."

ராஜா வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வயதாகிவிட்டது என்பதை அவரிடம் நேராகச் சொல்லிக்கொண்டிருந்தது குளத்துத் தண்ணீர் மட்டும்தான். இந்தக் கோடையில் அதுவும் கலங்கிப்போயிருந்தது.

"உள்ளதை உள்ளபடி காட்டுற கேமரா இது," என்றார். கண்ணோரத்தைத் துடைத்துக்கொண்டார். "இன்னிலேருந்து இந்தக் காட்டுல இந்தக் கேமரா காட்டுறதுதான் நிஜம். இல்லைங்கறவன் வெளியே போயிடணும். எல்லாருக்கும் இதுலயே எடுத்துப் புது அட்டை குடுங்க."

"பழைய நாற்பத்தோரு படம் என்னங்க ராஜா செய்யறது?" என்று கேட்டார் ஏகாம்பரம்.

"அது பழைய நிஜம். கோப்புல இருக்கட்டும்."

"முதல்ல என்னை எடுங்க, அண்ணே," என்று செவந்தி முன்னால் வந்தாள். புதுக் கேமரா நேர்மையானது என்று அவள் நம்பினாள். தன்னையும் களவாகக் குடிக்க வருகிறவர்களையும் அது தனித்தனியாகக் காட்டிவிட்டால் போதும், இரண்டு நாளில் உண்மை வெளியே வந்துவிடும் என்று கணக்குப் போட்டாள். நன்றாகத் தெரியட்டும் என்று முதுகைச் சிலிர்த்து, அத்தனை முள்ளையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

புதிய கேமரா சத்தமில்லாமல் எடுத்தது.

மருதப்பன் திரையைப் பார்த்தது. செவந்தியைப் பார்த்தது. மறுபடி திரையைப் பார்த்தது. "இன்னொண்ணு எடுக்கறேன்" என்றது. இன்னொன்றும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே.

திரையில் கொழுகொழுவென்று, எண்ணெய் தடவின மாதிரி, ஒரு பிராணி நின்றிருந்தது. அதன் உடம்பில் ஒரு முள்கூட இல்லை.

"வெளிச்சம் குறைஞ்சா பழசு பொடி தூவும்," என்று மருதப்பன் தனக்குள் முனகியது. "புதுசு பொடியை மெழுகித் தள்ளும். எது பொடி, எது முள்ளுன்னு அதுக்கு எப்படித் தெரியும்..."

ஏகாம்பரம் திரையையும் அட்டைப் படிவத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "இனம்: முள்ளம்பன்றின்னு எழுதியிருக்கே. முள்ளு எங்கே?"

"இதோ இருக்கே!" செவந்தி உடம்பை உலுக்கினாள். முட்கள் சலசலவென்று மோதிக்கொண்டன. "கேளுங்க! தொட்டுப் பாருங்க!"

"சத்தமெல்லாம் படத்துல வராது. தொட்டுப் பாக்கறதுக்குப் படிவத்துல இடம் இல்லை."

"ராஜா, கேமரா என்னை மெழுகிருச்சுங்க! முள்ளையெல்லாம் அழிச்சிருச்சு!"

குண்டுமணி காதை மடக்கிக்கொண்டது.

ஏகாம்பரம் மிகவும் மென்மையாகக் கேட்டார். "மெழுகிருச்சுங்கறே. அப்போ ராஜா முகத்துலேயும் ஏதோ இருந்து, அதையும் மெழுகிருச்சுன்னு சொல்ல வர்றியாம்மா?"

ராஜா திரும்பி அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கொஞ்சம் கெஞ்சல் மாதிரிகூட இருந்தது. கோபத்தைவிட அது ஆபத்தானது.

செவந்தி ராஜாவைப் பார்த்தாள். மருதப்பனைப் பார்த்தாள். மருதப்பன் கேமராவின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தது. பிறகு அவள் தண்ணீரைப் பார்த்தாள். அது பத்தடி தூரத்தில் இருந்தது. அவள் முதுகு மெதுவாகப் படிந்தது. விரிந்திருந்த முட்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் சாய்ந்து உடம்போடு ஒட்டிக்கொண்டன.

"இல்லைங்க ஐயா," என்றாள். "கேமரா சரியாத்தான் காட்டுது. எனக்குத்தான் முள்ளு இல்லை."

"அப்போ நீ முள்ளம்பன்றி இல்லை."

"இல்லைங்க."

"பின்னே நீ யாரு?"

"நீங்களே பாத்து எழுதுங்க ஐயா. தண்ணி இருக்கற இனமா எழுதுங்க."

ஏகாம்பரம் பட்டியலில் விரலை ஓட்டினார். "பெருச்சாளின்னு போட்டுக்கறேன். பெரிய அளவு. முள்ளம்பன்றிக்குப் பன்னிரண்டு மடக்கு. பெருச்சாளிக்கு நாலு. சம்மதமா?"

"சம்மதம்."

"அந்த நாற்பத்தோரு திருட்டும் முள்ளம்பன்றிமேல இருக்கு. பெருச்சாளிக்கு அதுல சம்பந்தம் இல்லை. அப்போ முள்ளம்பன்றி எங்கே போச்சு?"

"எனக்கெப்படிங்க தெரியும்? நான் பெருச்சாளி."

ஏகாம்பரம் தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார்: முள்ளம்பன்றி தலைமறைவு. பிறகு காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். "நீ நடந்தா என்னமோ சலசலங்குதே?"

"சருகுங்க ஐயா. கோடை பாருங்க."

ராஜா பெருமூச்சு விட்டார். தன் படத்தை இன்னொரு முறை காட்டச் சொல்லி வாங்கிப் பார்த்துவிட்டு, கேமராவையே கையோடு எடுத்துக்கொண்டு குகைக்குப் போனார். அதனால் குளக்கரைக்குப் புதிய கேமரா கிடைக்காமல் போயிற்று. பழையதையே திரும்பப் பொந்தில் வைத்தார்கள்.

கூட்டம் கலைந்தது. குண்டுமணி செவந்தியின் பக்கத்தில் வந்து கிசுகிசுத்தது. "என்னம்மா, முள்ளே இல்லைன்னு உன் வாயாலேயே சொல்லிட்டியே!"

"உன் பிடரி மயிர் எங்கேன்னு நீயுந்தான் கேட்டே. யாராவது பதில் சொன்னாங்களா?"

குண்டுமணி தன் பிடரியைத் தடவிப் பார்க்கப் போனது, யாராவது கவனிக்கிறார்களோ என்று பாதியில் நிறுத்திக்கொண்டது.

பொழுது சாய்ந்துவிட்டாலும் அன்றைக்கு மட்டும் விசேஷ அனுமதி என்றார் ஏகாம்பரம். செவந்தி வரிசை இல்லாத குளத்தில் நாலு மடக்குக் குடித்தாள். ஐந்தாவது மடக்குக்கு வாய் தானாகக் குனிந்தது. நிறுத்திக்கொண்டாள். வளைக்குப் போய்ப் படுத்தாள். நாலு மடக்குத் தண்ணீரில் எவ்வளவு பால் ஊறுமோ அவ்வளவு ஊறியது. குட்டிகள் குடித்தன, போதாமல் சிணுங்கின, பிறகு தூங்கிவிட்டன. பெரிய குட்டியின் முதுகில் முளைத்திருந்த முள், பூனைமுடி மாதிரி இன்னும் மெத்தென்றுதான் இருந்தது.

குட்டிகள் நன்றாகத் தூங்கிவிட்டதைப் பார்த்துக்கொண்டு அவள் சத்தமில்லாமல் வெளியே வந்தாள். வளைக்குப் பின்னால், காலையில் பாதி தோண்டிவிட்டுப் போன காட்டுவள்ளிக் கிழங்குக் குழி இருந்தது. கிழங்கிலாவது கொஞ்சம் ஈரம் இருக்கும். முன்னங்காலை ஊன்றி, மண்ணைப் பின்னால் தள்ளித் தள்ளித் தோண்ட ஆரம்பித்தாள்.

நீதி: இரண்டு கேமராக்களில் எது நல்ல கேமரா என்று சந்தேகம் வந்தால் இரண்டிலும் ராஜாவைப் படம் எடுக்கவும். எதைப் பார்த்து அவர் கண் கலங்குகிறாரோ, அதுவே நல்ல கேமரா. அதில் நீங்கள் எப்படி விழுந்திருக்கிறீர்களோ, தாமதிக்காமல் அப்படியே ஆகிவிடவும்.