திருநீறு பூசிய பதக்கங்கள்

பிரிக்பீல்ட்ஸில் மூச்சுவிட்டு வாழ்ந்தவர்களிலேயே, மற்றவர்கள் மூச்சுவிடுவதை அடியோடு வெறுத்தவர் மெடல் அண்ணன் ஒருவர்தான். வெள்ளைக்காரன் காலத்துப் போர்ப் பதக்கங்களைச் சேர்ப்பது அவருடைய பைத்தியம். அவற்றைப் பார்க்க யாராவது போனால், முதலில் வாயில் கைக்குட்டையைக் கட்டச் சொல்வார்.

"உங்க மூச்சுல ஈரம் இருக்குலா சார். வெள்ளிக்கு ஆகாது."

அவர் ஓய்வுபெற்ற லோரி ஓட்டுநர். எதிர்வீட்டுக்காரனான நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். ஒருமுறை பந்திங் பக்கம் போனவர், ஓர் ஆட்டின் கழுத்தில் மணியோடு மணியாகப் பதக்கம் ஒன்று தொங்குவதைப் பார்த்துவிட்டார். "ராசியான மெடலு, ஆட்டை விட்டுப் பிரிக்க மாட்டேன்" என்று உரிமையாளர் அடம்பிடிக்க, ஆட்டையும் சேர்த்தே வாங்கிவிட்டார். எங்கள் அடுக்குமாடியில் லிப்ட் கதவு திறந்ததும் உள்ளேயிருந்து ஆடு என் மனைவியை வெறித்துப் பார்த்தது. அவள் போட்ட அலறலில் மூன்று மாடிகளின் கதவுகள் திறந்தன.

"பயப்படாதீங்க தங்கச்சி, முன்னாள் படைவீரர்" என்றார் அண்ணன்.

மறுநாள் ஆடு பந்திங்குக்கே திரும்பியது. பதக்கம் திரும்பவில்லை.

பதக்கங்கள் எல்லாமே கன்னங்கரேலென்று இருக்கும். விளிம்பில் சிப்பாயின் பெயர் வெட்டியிருக்கும். துடைக்கப் போனால் கையைத் தட்டிவிடுவார். "அது அழுக்கில்ல சார், வயசு." நான் அதைச் சோம்பேறித்தனம் என்றே நினைத்திருந்தேன்.

கிள்ளானில் நடக்கவிருந்த பழம்பொருள் கண்காட்சிக்கு அவரை அழைத்தார்கள். அதற்குமுன் யாரும் அவரை எதற்கும் அழைத்ததில்லை. ரொட்டிக்கடைக்காரரிடம்கூடச் சொல்லிவிட்டார். இடையில் கண் அறுவைச் சிகிச்சை வந்தது. "நேரா மண்டபத்துக்குக் கொண்டு வந்துருங்க சார்" என்று பெட்டியை என்னிடம் ஒப்படைத்தார்.

அவரை அசத்த நினைத்தேன். எங்கள் வீட்டு வெள்ளிக் குங்குமச்சிமிழைத் தேய்ப்பதுபோல, திருநீறு போட்டு எல்லாவற்றையும் தேய்த்தேன். பதக்க நாடாக்களைச் சோப்பில் ஊறவைத்து இஸ்திரியும் போட்டேன்.

மண்டபத்தில் அண்ணன் பெட்டியைத் திறந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி மாட்டினார். அவரே மூச்சுவிடுவதை நிறுத்திவிட்டார்.

சரிபார்க்க வந்த இளைஞர் ஒன்றை எடுத்து முகர்ந்தார். "யாரு அங்கிள் மெடலுக்குத் திருநீறு பூசினது? எழுத்துக்குள்ள எல்லாம் பொடி! தேய்ச்ச மெடலை வைக்க முடியாது. இத்தனை வருஷம் சேர்க்கிறீங்க, இதுகூடத் தெரியாதா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கைக்குட்டை இல்லாமலே என் வாய் கட்டிக் கிடந்தது.

"நான்தான் தம்பி. தீபாவளி வருதேன்னு தேய்ச்சுட்டேன்" என்றார் அண்ணன்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பதக்கத்தில் பட்ட ஒரு கைரேகைக்காகச் சொந்தத் தம்பியோடு பேசாமல் இருந்தவர் அவர். திரும்பும்போது கொமுட்டர் ரயிலில் கேட்டேன்: "ஏண்ணே பொய் சொன்னீங்க?"

"நாலு பேரு முன்னால ஏச்சு வாங்கி உங்களுக்குப் பழக்கமில்ல சார். நான் லோரி ஓட்டுனவன்லா."

அந்த இளைஞரிடம் நான் உண்மையைச் சொல்லவே இல்லை. அண்ணனும் இப்போது இல்லை. பெட்டி என்னிடம் இருக்கிறது. பதக்கங்கள் மெல்ல மறுபடி கறுத்து வருகின்றன. சீக்கிரம் கறுக்கட்டும் என்று ஒரு மூச்சு ஊத ஆசைதான். ஆனாலும் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டுதான் பெட்டியைத் திறக்கிறேன்.