நின்ற காருக்கு ஒரு நல்ல திட்டம்

"ஏனுங்க, கார் நின்னா வந்து பார்க்கறதுக்கு ஆளைப் புடிச்சீங்களா, இல்லீங்களா?" என்று மூன்றாவது தடவையாகக் கேட்டாள் ராசாத்தாள்.

சென்னிமலைக் கவுண்டர் மீசையைத் தடவினார். புதன்கிழமை மகளுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கக் கோபிசெட்டிபாளையம் போக வேண்டும். மாப்பிள்ளையின் அப்பா ஈஸ்வரமூர்த்தி பெரிய பண்ணைக்காரர். அவர் வாசலில் காரில் போய் இறங்கினால்தான் சம்பந்தம் அமையும் என்று தீர்மானித்து, தரகர் மூலம் பழைய கார் ஒன்றை வாங்கியிருந்தார் கவுண்டர். யாரோ பெரிய வீட்டுக் கார் என்பதற்கு மேல் தரகர் வாய் திறக்கவில்லை. காருக்கோ சொந்த ஊரான சரவணம்பட்டியைத் தாண்ட மனசே வரவில்லை.

முதலில் டவுன் கம்பெனி ஒன்றின் வருஷத் திட்டத்தில் சேர்ந்தார். காரின் மூக்கில் ஒரு பித்தளை வில்லையை மாட்டிவிட்டார்கள். வழியில் நின்றால் தந்தி கொடுக்க வேண்டும், ஆள் வருவான். அன்றைக்கே கார் நின்றது. கவுண்டர் தந்தி ஆபீசுக்கு ஐந்து மைல் நடந்தார். ஆள் மூன்றாம் நாள் வந்தான்.

"நின்ன எடத்துக்கு வர்றவன் ஆகாது. கூடவே வர்றவன்தான் வேணும்" என்று கம்பெனியை உதறிவிட்டு, மெக்கானிக் அப்துல் மஜீதைப் பேசி அமர்த்தினார்.

புதன்கிழமை மஜீத் வந்தான். கூடவே ஒரு பெட்டிச் சாமான், ஜாக்கி, இரண்டு டயர் எல்லாம் காரில் ஏறின. பழத்தட்டு ராசாத்தாளின் மடிக்குப் போயிற்று.

கோபிக்கு இரண்டு மைல் இருக்கையில் கார் நின்றது.

"அம்மா, வாழைப்பழத்துக்குக் கீழே ஸ்பானர் இருக்கும், எடுங்க" என்றான் மஜீத்.

அரைமணி நேரம் கழித்து அவன் நிமிர்ந்தபோது கையில் நாலு போல்ட் மிச்சம்.

"இதெல்லாம் என்னப்பா?"

"எச்சா வந்த சாமானுங்க. இது இல்லாமயே ஓடுமுங்க."

ஓடவில்லை.

"பன்னண்டுக்கு ராகுகாலம்! மாட்டைக் கட்டியாவது இழுக்கச் சொல்லுங்க" என்றாள் ராசாத்தாள்.

"மானம் போயிரும், புள்ளே!"

"நேரம் போனா மாப்பிள்ளையே போயிருவாரு!"

பக்கத்து வயலில் உழுதுகொண்டிருந்த பாலுசாமியைக் கூப்பிட்டார்கள். ஏரை அவிழ்த்ததுதான் தாமதம், இரண்டு காளைகளும் நேரே வந்து காருக்கு முன்னால் கழுத்தைத் தாழ்த்தி நின்றன. பாலுசாமி காரைச் சுற்றிவந்து பார்த்துச் சிரித்தான்.

"ஈஸ்வரமூர்த்தி ஊட்டுக்குப் போகோணும், தம்பி. வழி..."

"காளைங்களுக்கே தெரியுமுங்க."

மஜீத் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, சேற்றுக் காலோடு காளைகள் நடந்தன. ராகுகாலத்துக்குப் பத்து நிமிஷம் பாக்கியிருக்கும்போது மாப்பிள்ளை வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தின. கூடியிருந்த சொந்தக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கவுண்டருக்குக் காரை விட்டு இறங்கவே கால் வரவில்லை.

ஈஸ்வரமூர்த்தி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். "என்னங்க, கார்ல வாரேன்னு கடுதாசி போட்டீங்க? மாட்டைக் கட்டி ஓட்டற காரா? இப்படி ஒரு காரை எந்த ஏமாளி வாங்குவானுங்க?"

சம்பந்தம் கைவிட்டுப் போயிற்று என்றே கவுண்டர் நினைத்தார்.

நுகத்தடியை அவிழ்த்துக்கொண்டிருந்த பாலுசாமி திரும்பிச் சொன்னான்:

"நீங்க மறந்தாலும் நம்ம காளைங்க மறக்கலீங்க, முதலாளி. போன வருசம் தரகர் தலைல கட்டி உட்டமே, அதே காருங்க!"