மாமாவின் டெப்பிலிருந்து என் போனுக்கு

எனக்கு ‘ஏலாது’ என்ற சொல் வராது. எழுதத் தெரியும். பிள்ளைகளுக்குச் சொல்வதெழுதலில் வாசிக்கவும் தெரியும். ஆனால் யாராவது ஒரு வேலையைக் கொண்டுவந்து முன்னால் நீட்டினால் அந்தச் சொல் தொண்டைக்குள் நின்றுவிடும். அதற்குப் பதிலாக “உது சின்ன வேலை” என்பது தானாக வெளியே வந்துவிடும். இந்த வியாதியோடுதான் தனக்கு வாழ்க்கை என்பதை என் மனைவி வாசுகி கலியாண நாளன்றே தெரிந்துகொண்டாள். ஒலிபெருக்கி பூட்டியிருந்தபடியால் ஊரும் அன்றே தெரிந்துகொண்டது.

நான் யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதியில் மண்கும்பான் ஆள். பள்ளிக்கூடத்தில் கணினி படிப்பிக்கிறேன். (தீவுப் பக்கத்தில் கணினி படிப்பிக்கிறவனுக்கு ரேடியோவும் திருத்தத் தெரியும், தண்ணீர் மோட்டரும் திருத்தத் தெரியும் என்று சனம் நம்பும். அந்த நம்பிக்கையை நான் ஒருநாளும் கெடுத்ததில்லை. மோட்டர் சிலதைக் கெடுத்திருக்கிறேன்.) வாசுகியின் ஊர் புங்குடுதீவு இறுப்பிட்டி. அவளுடைய தகப்பன், அதாவது என் மாமா, திருச்செல்வம். இளமையில் கண்டியில் கடை வைத்திருந்தவர். பிறகு மகன் கூப்பிட்டுக் கனடாவுக்குப் போனவர். மகளின் கலியாணத்துக்காக மாமியோடு வந்து இறுப்பிட்டி வீட்டில் நின்றார்.

மாமாவுக்குக் கனடாவில் ஒரு பெரிய பதவி இருந்தது. எங்கள் தீவு ஆட்கள் உலகத்தில் எங்கே செத்தாலும், அந்த மரண அறிவித்தலை வாசிப்பவர் அவர்தான். குடும்பத்தார் விபரத்தைச் சொன்னால் மாமா தன் டெப்பில், அதாவது சிலேட்டு மாதிரி இருக்கிற டேப்லெட்டில், குரலைப் பதிவுசெய்து எல்லாருடைய போனுக்கும் அனுப்பிவிடுவார். கணீரென்ற குரல். அவருடைய ழகரத்தைக் கேட்பதற்காகவே சாகலாம் என்று சொல்கிற ஆட்கள் இருந்தார்கள். மாமா வாசிக்காவிட்டால் அந்தச் சாவே சரிவரவில்லை என்று குறைப்படுகிற குடும்பங்களும் இருந்தன.

இப்படிப்பட்ட மனிதருக்கு என்னில் ஒரு சந்தேகம். “பொடியன் நல்லவன்தான். வாய்தான் கொஞ்சம் நீளம்” என்று சொன்னாராம். முகத்துக்கு நேரே என்னை “மாஸ்ரர்” என்றுதான் கூப்பிடுவார். எங்கள் பக்கத்தில் கலியாணம் பேசி முடித்த கையோடு “மருமகன்” என்ற பேச்சு வந்துவிடும். மாமாவின் வாயில் அது வரவேயில்லை. தாலி கட்டுவதற்கு முன் அந்த ஒரு சொல்லை அவருடைய வாயிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரே பிடிவாதம்.

சந்தர்ப்பம் பொன்னுருக்கல் அன்று வந்தது. தாலிக்குப் பொன் உருக்கும் சடங்கு அது. மாப்பிள்ளை வீட்டில் நடக்கும், பெண் பகுதியார் வந்திருந்து பார்ப்பார்கள். அதற்குப் பிறகு கலியாணம் வரைக்கும் மாப்பிள்ளையும் பொம்பிளையும் ஒருவரையொருவர் பார்க்கக்கூடாது. எங்கள் அம்மாவின் சட்டப்படி மாப்பிள்ளை வீட்டு வாசல் படலையையும் தாண்டக்கூடாது. பொன் உருக்கி முடிந்து சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது மாமா டெப்பை நெஞ்சோடு அணைத்தபடி என்னிடம் வந்தார்.

“மாஸ்ரர், இதுக்குள்ளை நான் சேர்த்து வைச்ச நாதஸ்வரமெல்லாம் கிடக்கு. கூறைச் சேலை மாத்திக்கொண்டு பிள்ளை வரேக்க இதுதான் போகோணும். அவள் பிறந்த நாளிலையிருந்து ஒண்டொண்டாத் தேடினது. ஸ்பீக்கர்க்காரன் சொல்லுறான், டெப்பிலை வயர் கொழுவ ஏலாதாம், போனிலை எண்டால் கொழுவலாமாம். உம்மட போனுக்கு மாத்த ஏலுமோ?”

“உது சின்ன வேலை மாமா.”

“கொம்பியூட்டர் வேணுமெல்லோ?”

அங்கேதான் இடி. என் கொம்பியூட்டர் யாழ்ப்பாணத்தில் ஒரு கடையில் திருத்தக் கொடுத்துக் கிடந்தது. பள்ளிக்கூடத்துக் கொம்பியூட்டரிடம் போவதென்றால் படலை தாண்ட வேண்டும். அம்மா படலையடியிலேயே கதிரை போட்டு இருந்தார்.

“கொம்பியூட்டர் என்னத்துக்கு மாமா? அது பழைய முறை. டெப்பை வைச்சிட்டுப் போங்கோ, நான் ஆறுதலாச் செய்யிறன்.”

மாமா டெப்பை இன்னும் இறுக்கிப் பிடித்தார். “வைச்சிட்டுப் போக ஏலாது. ஆர் எந்த நேரம் மண்டையைப் போடுவினமெண்டு தெரியாது. இப்ப, எனக்கு முன்னாலை மாத்தும்.”

சோற்றுக் கோப்பை ஒரு கையிலும் போன் ஒரு கையிலுமாகத் தொடங்கினேன். முதலில் புளூடூத். ஒரு பாட்டு வந்து சேருவதற்குள் மாமா பாயாசம் குடித்துக் கை கழுவிவிட்டார். பிறகு டெப்பின் பக்கவாட்டைத் திறந்து மெமரிக் கார்ட்டைக் கழற்றினேன். கழற்றிய பிறகுதான் என் போனில் அதைப் போடுவதற்கு ஓட்டையே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. (என் சொந்தப் போன். நான் கணினி ஆசிரியர்.) கார்ட்டைத் திரும்பப் போடும்போது அது கையிலிருந்து வழுக்கிப் பாயாசத்தில் விழப் பார்த்தது. மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

“ஏலாட்டில் ஏலாதெண்டு சொல்லும் மாஸ்ரர். அதிலை ஒரு வெக்கமுமில்லை.”

“சீச்சீ! இனித்தான் மாமா இருக்கு விசயம்.”

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வைபையால் நேராக அனுப்பும் முறை ஒன்று இருக்கிறது. அதைப் போட்டேன். டெப்பின் திரையில் ஒலிக் கோப்புகள் வரிசையாக வந்தன. ஒன்றுக்கும் ஒழுங்கான பெயர் இல்லை, எல்லாம் எண்களும் கோடுகளும். மாமா மூக்குக்கண்ணாடியைத் தேடியபடி, “மேலை கிடக்கிற பாட்டு மட்டும் எடும், கீழை போகாதையும்” என்றார். வாசலில் வான்காரன் ஹோர்ன் அடித்தான், மற்ற ஆட்கள் ஏறிவிட்டார்கள். ஒவ்வொன்றாகத் தெரிவுசெய்ய எனக்குப் பொறுமை இல்லை. ‘எல்லாம்’ என்று ஒரு பொத்தான் இருந்தது. அமத்தினேன். மாமா கண்ணாடியைப் போட்டு முடிப்பதற்குள் அத்தனையும் என் போனுக்குள் வந்துவிட்டன.

முதல் பாட்டைப் போட்டுக் காட்டினேன். நாதஸ்வரம் குசினி அடுப்படி வரை கேட்டது. மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். “பறவாயில்லை மாஸ்ரர்” என்றார். மருமகன் என்று வரவில்லை. ஆனால் கிட்ட வந்துவிட்டது என்று எனக்குப் பட்டது.

கலியாணம் இறுப்பிட்டிக் கோயில் மண்டபத்தில். காலையில் ஸ்பீக்கர்க்கார அண்ணையிடம் போனைக் கொடுத்தேன். “நான் போட்டு விட்டிருக்கிறன். நீங்கள் ஒண்டும் தொடவேண்டாம். கூறை குடுத்தவுடனை சத்தத்தைக் கூட்டிப்போட்டுப் போய்ச் சாப்பிடுங்கோ, தன்பாட்டிலை ஓடும்” என்றேன். “திறக்கிறதுக்கு இலக்கம் என்ன தம்பி?” என்று கேட்டார். “என்ரை பெருவிரல் அண்ணை” என்று பெருமையாகச் சொன்னேன்.

நான் மணவறையில் இருந்தேன். தலைப்பாகை, மாலை, கையில் காப்பு. எழும்பக்கூடாது என்று ஐயர் சொல்லிவிட்டார். வாசுகி கூறையை வாங்கிக்கொண்டு உடுத்தப் போனாள். மேளகாரர் தேத்தண்ணி குடிக்கப் போனார்கள். என் போனிலிருந்து நாதஸ்வரம் புறப்பட்டது. வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்ற மாமா கண்ணை மூடித் தலையை ஆட்டியது எனக்குத் தெரிந்தது. அப்போது என்னைப்போல ஒரு கெட்டிக்காரன் ஏழு தீவிலும் இல்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கூறை உடுத்தி முடிக்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை. அங்கே ஊசி குத்துவதற்குக் கனடாவிலிருந்து ஒருவர், கொசுவம் பிடிப்பதற்குக் கொழும்பிலிருந்து ஒருவர், இரண்டு பேருக்கும் ஒத்துவரவில்லையாம். பாட்டுகள் முடிந்துவிட்டன. போன் தன்பாட்டில் அடுத்ததுக்குப் போனது.

“மரண அறிவித்தல்” என்றது மாமாவின் குரல்.

எங்கள் சனத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. வாய்க்குள் சோறு இருந்தாலும், மரண அறிவித்தல் கேட்டால் மெல்லுவதை நிறுத்திவிடும். ஆர், எவர், எந்தப் பகுதி என்று முழுக்கக் கேட்டு முடியுமட்டும் ஒருவரும் அசையமாட்டார்கள். மண்டபம் அப்படியே உறைந்தது. ஸ்பீக்கர்க்கார அண்ணை மட்டும் பின்பக்கத்துப் பந்தியில் இருந்தார். “ஆராவது வயரைப் பிடுங்குங்கோ!” என்று மணவறையில் இருந்து கத்தினேன். “சூ! சும்மா இரும் தம்பி, பேர் சொல்லப்போறாங்கள்” என்று முன்வரிசையில் ஒருவர் என்னை அடக்கினார்.

“புங்குடுதீவு இறுப்பிட்டியைப் பிறப்பிடமாகவும், கனடாவை வதிவிடமாகவும் கொண்ட நாகமுத்து திருச்செல்வம் அவர்கள்…”

பிறகு ஒரு நீண்ட மௌனம்.

“…அன்று இறைவனடி சேர்ந்தார்.”

தான் செத்தால் தன்னுடைய அறிவித்தலை யார் வாசிப்பது, ஒருவருக்கும் உச்சரிப்புச் சரியில்லையே என்ற கவலையில் மனிதர் தானே வாசித்து வைத்திருக்கிறார்! அந்த மௌனம் செத்த திகதியை நிரப்புவதற்கு விட்ட இடம். இதெல்லாம் பிறகுதான் விளங்கியது. அந்த நேரத்தில் எனக்கு வியர்த்து, தலைப்பாகை மூக்குவரை இறங்கிவிட்டது.

“அன்னார் பரமேஸ்வரியின் அன்புக் கணவரும்” என்றபோது மாமியின் கையிலிருந்த தட்டம் ஆடியது. “ஐயோ, இந்த மனுசன் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே!” என்று குளறினார். குரல் அசையவில்லை. “குகன், வாசுகி ஆகியோரின் பாசமிகு தந்தையும், கணினி நிபுணர் கருணாகரனின் அன்பு மாமனாரும்…”

அது நான். கருணாகரன் நான்தான். பொன்னுருக்கலுக்கு முதலே, என் முகத்தைப் பார்த்து மாஸ்ரர், மாஸ்ரர் என்று சொல்லிக்கொண்டே, மனிதர் என்னைத் தன் சாவுக்குள் மருமகனாகச் சேர்த்து வைத்திருக்கிறார். அதுவும் நிபுணராக. உலகம் இடிந்து விழுகிற நேரத்தில் எனக்குச் சந்தோசம் பொங்கிக்கொண்டு வந்தது. மாமா செத்துப்போன செய்தியைக் கேட்டு மணவறையில் இருந்து பல்லைக் காட்டிச் சிரித்த மாப்பிள்ளை என்று அந்தக் கணத்தை வீடியோக்காரர் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறார்.

பேர் வரிசை நீண்டது. மைத்துனர்மார் முடிந்ததும் மண்டைதீவிலிருந்து வந்த ஒரு சித்தி எழும்பினார். “என்ரை அவரின்ரை பேர் எங்கை? செத்தும் திருந்தேல்லையே இந்த மனுசன்!”

“செத்தவர் வாசல்லை நிக்கிறார், போய்க் கேளுங்கோ” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

அப்போது உள்ளேயிருந்து வாசுகி ஓடிவந்தாள். கூறை பாதி, ஊசி பாதி. மணவறையை அவள் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே வாசலுக்குப் போய், பன்னீர்ச் செம்போடு நின்ற தகப்பனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். உயிரோடு நிற்கிறார் என்று கண்ட பிறகும் அவளுக்கு அழுகை நிற்கவில்லை.

“இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்” என்று சொல்லி முடித்துவிட்டு என் போன் அடுத்த அறிவித்தலுக்குப் போகப் பார்த்தது. ஸ்பீக்கர்க்கார அண்ணை சோற்றுக் கையோடு ஓடிவந்து வயரைப் பிடுங்கினார். பிடுங்கி என்ன?

“தாலி ஏற முதல் இழவு சொல்லியாச்சு. இது சரிவராது. கலியாண நாளை மாத்துங்கோ” என்றது ஒரு குரல். “மாத்தத்தான் வேணும்” என்றது இன்னொன்று. ஐயர் மணிக்கூட்டைப் பார்த்தார். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. ஒரு பொத்தானை அமத்தின பாவத்துக்கு என் கலியாணம் நிற்கப்போகிறது. என்ன செய்வதென்றாலும் மாமாதான் சொல்ல வேண்டும். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

மாமா மகளின் கண்ணைத் துடைத்துவிட்டு மைக்கடிக்கு வந்தார். தொண்டையைச் செருமினார். அதே கணீர் குரல்.

“இறுப்பிட்டியைப் பிறப்பிடமாகக் கொண்ட நாகமுத்து திருச்செல்வம் ஆகிய நான் இன்னும் சாகேல்லை. இருக்கேக்க செத்திட்டாரெண்டு சொன்னால் ஆயுசு கூடுமெண்டு எங்கட ஆக்கள்தானே சொல்லுறவை. அப்ப எனக்கு இண்டைக்கு நல்ல நாள். பிள்ளை, நீ போய் மிச்ச ஊசியைக் குத்து. மேளகாரர் வாங்கோ.” பிறகு மணவறையைப் பார்த்தார். “மருமகன், தலைப்பாகையை நிமித்தும். தாலியைக் கட்டும்.”

கட்டினேன்.

அதோடு முடியவில்லை. ஒலிபெருக்கி ஊர் முழுக்கக் கேட்டிருந்தது. சாப்பாட்டு நேரத்தில் ஒரு அக்கா வெள்ளைச் சேலையோடு, “ஐயோ அண்ணை, எங்களை விட்டிட்டுப் போட்டியளே!” என்று குளறிக்கொண்டு வாசலுக்கு வந்தார். மாமா அவருக்குப் பன்னீர் தெளித்து, “வந்ததுதான் வந்தனீர், சாப்பிட்டிட்டுப் போம்” என்று பந்தியில் இருத்தினார். பின்னேரம் மாமா என்னிடம் கேட்டது ஒரேயொரு கேள்விதான். “ழகரம் கடைசி வரிசைக்குக் கேட்டதோ?”

இப்போது மாமா ஒவ்வொரு வருசமும் வருகிறார். வந்தால் தன் அறிவித்தலைப் புதுப்பிப்பார். மண்டைதீவுச் சித்தப்பாவின் பேர் ஏறிவிட்டது, எங்கள் மகளின் பேரும் ஏறிவிட்டது. ‘கணினி நிபுணர்’ மட்டும் அந்தக் கலியாணத்தோடு எடுபட்டுப் போய்விட்டது. “பட்டத்தைத் திருப்பித் தந்தாச்சோ?” என்று வாசுகி குசினிக்குள் இருந்து கேட்பாள். “பாப்பம், பாப்பம்” என்பார் மாமா. வீட்டில் ஏதாவது பழுதானால், நான் வாயைத் திறக்க முதலே மகள் “சின்ன வேலை” என்று சொல்லிவிட்டு ஓடிவிடுகிறாள்.

போன தடவை வாசித்து முடித்துவிட்டு மாமா டெப்பை என் கையில் தந்தார். “மருமகன், அந்த நடுவிலை விட்ட இடம் இருக்கெல்லோ. அந்தத் திகதியை மட்டும் நீர்தான் வாசிச்சுச் சேர்க்கோணும். என்ன, சின்ன வேலைதானே?”

நான் வாயைத் திறந்தேன். வழமையான சொல் வரவில்லை.

“ஏலாது மாமா” என்றேன்.

குசினிக்குள் இருந்து வாசுகி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, “பரமேஸ்! இஞ்சை வாரும், இவர் ஏலாதெண்டு சொல்லிப்போட்டார்!” என்று மாமியைக் கூப்பிட்டுச் சிரித்தார். “பதியிற பொத்தானை இன்னொருக்கா அமத்தும் மருமகன், திருப்பி வாசிக்கோணும்” என்றார்.

வாசித்தார். என் பேர் வரும் இடத்தில் குரல் கொஞ்சம் உயர்ந்தது. “கணினி நிபுணர் கருணாகரனின் அன்பு மாமனாரும்.”

ஒரு பிரதி என் போனிலும் இருக்கட்டும் என்றார். கொம்பியூட்டர் இல்லாமலே அனுப்பினேன். இந்த முறை ஒரேயொரு கோப்பு. திகதிக்கு விட்ட இடம் அதில் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. அப்படியே கிடக்கட்டும்.